கோயில் பொத்தான்

ஜானகி மறுபடியும் கோயில் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கிறாள் என்று குருபோங்கில் உள்ள தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது மலர்க்கொடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஜானகி அவளுடைய தங்கை. வயது இருபத்திரண்டு. ஆட்டிசம் உள்ளவள், வாய் பேசமாட்டாள். டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். படங்களில் பாதியைப் போனில் எடுத்துப் போட்டவள் மலர்க்கொடிதான். அந்த டேப்லெட்டோடுதான் ஜானகி பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். முதல் வேலை. ஒரு மாதச் சோதனை. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"தங்கச்சி நல்லாத்தான் வேலை செய்யுது லா," என்றார் சூப்பர்வைசர் கேசவன். "பத்து மணியானா நின்னுருது. கோயில், கோயில், கோயில். மத்தவங்க சிரிக்கிறாங்க. மேனேஜர் வெள்ளிக்கிழமை முடிவு சொல்லணும்மா."

அம்மா பாக்கியலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. "ஆத்தா கூப்பிடுறா. நீ படிச்ச சயின்ஸ்ல இதெல்லாம் இருக்காது."

செவ்வாய்க்கிழமை வேலைக்கு முன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பத்து மணிக்கு மறுபடியும் கோயில். புதன்கிழமை மலர்க்கொடி அந்தப் பொத்தானை மறைத்துப் பார்த்தாள். காலிக் கட்டத்தையே குத்திக் குத்தி, விரல் நுனி சிவந்து வீடு திரும்பினாள் ஜானகி. அன்றிரவே மலர்க்கொடி பொத்தானை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வியாழன் மாலை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனார்கள். அம்மா உள்ளே போய்விட்டார். ஜானகி போகவில்லை. செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் கொடுத்த கனத்த பூட்ஸைக் கழற்றினாள். காலுறையையும் உரித்தாள். பாதங்களைச் சிமெண்டுத் தரையில் பதித்துக் கண்ணை மூடினாள். இரண்டு சுண்டுவிரலும் கன்றியிருந்தன.

மலர்க்கொடி டேப்லெட்டை வாங்கிக் கோயில் படத்தைப் பெரிதாக்கினாள். கோபுரம் எங்கோ தூரத்தில், சின்னதாக. முன்னால் பாதிப் படத்துக்கு, கழற்றிவிட்ட செருப்புகள். எடுத்தபோது கோபுரத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

"கால் வலிக்குதாடி?"

ஜானகி திரும்பவில்லை. வலி என்று சொல்லவும் ஒரு பொத்தான் இருந்தது; அதில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் கேசவன் தலையைச் சொறிந்தார். "அப்போ கோயில்னா பூட்ஸைக் கழட்டணும்னு சொல்லுதா?"

"அப்படித்தான் நினைக்கிறேன் அண்ணே. நிச்சயமாத் தெரியல. ஒரு சைஸ் பெரிசாக் கிடைக்குமா? பத்து மணிக்குப் பிரேக் ரூம்ல அஞ்சு நிமிஷம் கழட்ட விடுங்க."

"அது கோயில் கோயில்னு நிக்கிறதுக்கு விரதம்தான் காரணம்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருக்கேனேம்மா."

பத்தேகாலுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. 'அழுத்துச்சு. கழட்டுச்சு. தானாவே மாட்டிக்கிட்டு லைனுக்குப் போயிருச்சு.' மாலையில் இன்னொன்று: 'மேனேஜர் ஓகே. திங்கக்கிழமை வரச் சொல்லு.'

மலர்க்கொடி அதை இரண்டு முறை படித்தாள்.

அன்று ஜானகி செருப்புக்கு மாறித்தான் காரில் ஏறினாள். புக்கிட் பெருவாங் திருப்பத்தில் டேப்லெட் பேசியது.

"கோயில்."

மலர்க்கொடி கண்ணாடியில் தங்கையைப் பார்த்தாள். காலில் பூட்ஸ் இல்லை. வலித்துக் கழற்ற ஒன்றுமே இல்லை.

"பாத்தியா," என்றார் பக்கத்து சீட்டிலிருந்த அம்மா.

மலர்க்கொடி சிக்னல் போட்டு, வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினாள்.