ஸாரி தேங்கிய அலுவலகம்

லிஃப்ட் கம்பெனியின் புகார் அலுவலகத்தில் சொல்லப்பட்ட ஸாரிகள் காற்றில் கலையாமல் அங்கேயே தங்க ஆரம்பித்தது, புது ஏசி மாட்டிய அதே வாரத்தில்தான். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவில், வெள்ளை வெளேரென்று, தெர்மாகோல் உருண்டை போல இருக்கும். சொன்னவர் வாயிலிருந்து கிளம்பி, கேட்டவர் தோளில் சற்று உட்கார்ந்துவிட்டு, பிறகு சுவரோரமாக ஒதுங்கிவிடும். ஏசியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். மெக்கானிக் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, மெஷினில் ஒன்றுமில்லை, கவுன்டரில் பேசுவதுதான் இப்படி விழுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஸ்டோர்காரர் ஒரு சாக்கு நிறைய அள்ளித் தராசில் வைத்தார், முள் அசையவில்லை. எடையே இல்லாத பொருளுக்கு யார் அலட்டிக்கொள்ளப் போகிறார்கள்? கம்பெனியும் அத்தோடு விட்டுவிட்டது.

அந்த ஆங்கிலம் அங்கே வந்த கதையைச் சொன்னால் வயிறு எரியும். அதற்கு முன்பெல்லாம் லிஃப்ட் பாதியில் நின்றால், "தப்புதாங்க, மன்னிச்சிருங்க, இப்பவே ஆள் அனுப்பறோம்" என்று கவுன்டரில் சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு நாள் கம்பெனி வக்கீல் அதைக் காதால் கேட்டுவிட்டார். "தப்புன்னு சொன்னா ஒத்துக்கிட்டதா ஆயிடும். மன்னிப்புங்கிற பேச்சே இனிமே இங்க வரக் கூடாது. ஸாரி சொல்லுங்க. காலை மிதிச்சாலும் அதைத்தான் சொல்றோம், கழுத்தை அறுத்தாலும் அதையே சொல்லிக்கலாம். எதுலயும் மாட்டாது" என்றார். படித்தவரல்லவா, எவ்வளவு தெளிவு பாருங்கள்!

மறுவாரமே டை கட்டிய வாத்தியார் ஒருவர் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு. 'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்ஸர்ன்' என்றால் தலையை இடப் பக்கம் சாய்க்க வேண்டும். 'ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்' என்றால் புருவத்தைச் சற்றே உயர்த்த வேண்டும். 'வீ வில் லுக் இன்டு இட்' என்றால் பேனாவைக் கையில் எடுக்க வேண்டும், எழுத வேண்டியதில்லை. கவுன்டரில் உட்காரும் பெண்தான் வகுப்பில் கெட்டிக்காரி. பஸ்ஸில் முணுமுணுத்து, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி, தண்ணீர் பட்ட பாடாக்கிக்கொண்டாள். பாவம், ஆசையாகத்தான் படித்தாள். ஆங்கிலம் பேசினால் நாலு பேர் மதிப்பார்கள் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த பாஷை மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல அதிலும் வார்த்தை இருக்கத்தானே செய்யும், அதை ஏன்யா சொல்லித் தரவில்லை என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அடுக்குமாடியிலிருந்து புகார் வந்தது. நாலாவது மாடியில் லிஃப்ட் வராமலேயே கதவு திறந்துகொள்கிறதாம். கவுன்டர் பெண் பேனாவைக் கையில் எடுத்து, 'வீ வில் லுக் இன்டு இட்' என்று மணியாகச் சொன்னாள். மறுபடி கூப்பிட்டார்கள். 'ப்ளீஸ் பியர் வித் அஸ்' என்றாள். அந்தக் குரலைக் கேட்டு, பெரிய கம்பெனி, பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களும் போனை வைத்துவிட்டார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த மாடியில் சுவருக்கு வர்ணம் அடித்து முடித்த பெயின்டர், இரண்டு கையிலும் வாளியோடு நின்றபோது கதவு திறந்தது. கால் வைத்தான். உள்ளே லிஃப்ட் இல்லை. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விழுந்தவனைத் தூக்குவதற்குள்ளேயே சுற்றி நின்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணு எங்க போச்சு, பார்த்துக் கால் வைக்க மாட்டானா, தண்ணி போட்டிருப்பான், போன் பேசிக்கிட்டே நடந்திருப்பான். இரண்டு கையிலும் வாளி வைத்திருந்தவன் எந்தக் கையால் போன் பேசியிருப்பான்? நரம்பில்லாத நாக்கு, அதற்கென்ன, எப்படியும் வளையும். கேட்டுக் கேட்டுக் கடைசியில் பெயின்டரே நம்பிவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "நான்தான் பார்த்துக் கால் வெச்சிருக்கணும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவன் மனைவி தையல்காரி, தலையணை உறையும் மெத்தை உறையும் தைப்பவள். புருஷன் இடுப்பு ஒடிந்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. "தப்பு எங்க மேலன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அதைக் கொண்டாந்து இவருகிட்ட குடுத்துடறேன். வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் புகார் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

கவுன்டர் பெண் புருவத்தை உயர்த்தி ஸாரி சொன்னாள். அது தையல்காரியின் தோளில் வந்து உட்கார்ந்தது. மறுவாரமும் அப்படியே. மழை வந்து போனது, வெயில் வந்து போனது, அவள் போவதும் நிற்கவில்லை, ஸாரி விழுவதும் நிற்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அலுவலகத்தில் ஸாரி கணுக்கால் தாண்டி முழங்காலுக்கு வந்தது; ஃபைல் எடுக்கப் போகிறவர்கள் அதைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள். தையல்காரி விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் மேனேஜர் வாத்தியாரைத் திரும்பக் கூப்பிட்டார். அந்த மகானுபாவர் 'டீப்லி ஸாரி', 'எக்ஸ்ட்ரீம்லி ஸாரி' என்று இரண்டு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அவை தேங்காய் அளவுக்கு விழுந்தன. எடை மட்டும் அதே பூஜ்யம்தான். தையல்காரி ஒரு தடவை பை நிறைய அள்ளி வந்து உறைக்குள் திணித்துத் தலையணை தைத்தாள். பெயின்டர் தலை வைத்ததும் தலை நேரே கட்டில் பலகையில் இடித்தது. "தலைக்கு வைக்கக்கூட ஆகலையே, இதையா இத்தனை நாளா குடுத்தாங்க, சீ!" என்று வாசலில் கொட்டினாள். காற்று அடித்துக்கொண்டு போயிற்று.

ஒரு நாள் காலை, சுவரைப் பார்த்தபடியே பெயின்டர் பேசினான். "என்னை மன்னிச்சிரு. நான் பார்க்காம கால் வெச்சதுல உன் பொழப்பும் போச்சு." அந்த மன்னிப்பு அவன் வாயிலிருந்து வந்து அவன் நெஞ்சின் மேலேயே விழுந்தது. கன்னங்கரேலென்று ஒரு கல்லாக, கைக்குழந்தை அளவில்தான் இருந்தது. கனமோ சிமென்ட் மூட்டைக் கனம். அவனுக்கு மூச்சு முட்டியது. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் புரட்டித் தள்ளினாள். அப்போது அவளுக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுத் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, மெத்தை உறையில் சுற்றி அதை ஏற்றினாள். அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றாள்.

அவள் அதைத் தூக்கிக் கவுன்டர் மேல் வைத்ததும் கண்ணாடி விரிசல் விட்டது. தரையிலிருந்த ஸாரியெல்லாம் பயந்த மாதிரி எழும்பிப் பறந்தது. "இது என்னன்னு தெரியுதாம்மா? மன்னிப்பு. எங்க வீட்டுக்காரரு கேட்டது. கேக்க வேண்டியவங்க கேக்கல, விழுந்தவரு கேக்கறாரு. அதுவும் யாருகிட்ட? என்கிட்ட! அடுக்குமா இது?"

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். "மேடம், வீ ஆர் எக்ஸ்ட்ரீம்லி..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்."

சொன்னது கவுன்டர் பெண். அவள் தலை சாயவில்லை, புருவம் உயரவில்லை. கறுப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, தப்பு எங்களுது. அந்தக் கதவு கெட்டுப்போச்சுன்னு அடுக்குமாடிக்காரங்க முன்னாடியே சொன்னாங்க. நான்தான் போனை எடுத்தேன். பார்க்கறோம்னு சொன்னேன், யாரும் போகல. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லக்கா. எங்களை மன்னிச்சிருங்க."

"எங்களைன்னு ஏன் சேர்க்கறே? உன்னோட நிறுத்திக்கோ!" என்று மேனேஜர் கத்துவதற்குள் அந்த மன்னிப்பு விழுந்துவிட்டது. தரை ஓடு இரண்டாகப் பிளந்தது. முதல் கல்லைவிட இது பெரிது. தையல்காரியும் கவுன்டர் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முக்கி முனகி வண்டியில் ஏற்றினார்கள். "அந்தக் கல்லை விட்டுட்டுப் போறீங்களே" என்று மேனேஜர் பின்னாலேயே வந்தார். "அது உங்களுது சார். இத்தனை நாளா எங்க வீட்டுல கிடந்துச்சு. இனிமே நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி வண்டியைத் தள்ளினாள்.

கவுன்டர் பெண்ணை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். 'வீ ரிக்ரெட்' என்று மேனேஜர் சொன்னது அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. தூசு தட்டுவது போலத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள். பெயின்டரின் கல்லை நகர்த்த ஆள் வைத்துப் பார்த்தார்கள், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது அதை அங்கேயே விட்டுவிட்டு, தள்ளி வேறு கவுன்டர் போட்டிருக்கிறார்கள். புகார் சொல்ல வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள். ஸாரி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது.

வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் கல்லை இறக்கி வைத்துவிட்டு, தையல்காரி நடந்ததைச் சொன்னாள். பெயின்டர் மெதுவாகச் சுவரை விட்டுத் திரும்பினான். கல்லின் மேல் கையை வைத்தான்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் கால் வெச்சேனா?"

"கதவு திறந்தா லிஃப்ட் நிக்குதுன்னுதானே யாரும் கால் வைப்பாங்க. நீங்களும் அப்படித்தான் வெச்சீங்க."

"தெரிஞ்சிருந்துமா இத்தனை நாள் என்னைப் படுக்க வெச்சு வேடிக்கை பார்த்தானுங்க?" என்று அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. விழுந்த நாளிலிருந்து அவனுக்குக் கோபம் வந்ததே அன்றைக்குத்தான். தையல்காரி சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். அவன் கால் எழும்பவில்லை, அதை யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னான். தண்ணி போட்டிருப்பான் என்று சொன்னவர்கள் இப்போது நலம் விசாரிக்க வந்தால், "முதல்ல அந்தக் கல்லைத் தூக்கிப் பாரு, அப்புறம் பேசு" என்கிறான். இதுவரை ஒருவராலும் தூக்க முடியவில்லை. தையல்காரி வீடு கூட்டும்போது அதைச் சுற்றித்தான் கூட்டுகிறாள்.