துரையின் வயிற்றில் புதுக்குடித்தனம்

பொன்னி அடுக்ககத்தில் யார் குடிவந்தாலும் சங்கத் தலைவரிடம் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் வர வேண்டும். நாயின் வயிற்றுக்குள் குடிவருகிறவர்களுக்கும் அதே விதிதான். துவாக்குடிப் பக்கம் எல்லா அடுக்ககத்திலும் இப்படித்தான் என்பதால் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது பாருங்கள், குணவதிக்கு வம்பு அங்கேதான் பிடித்தது.

குணவதி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். முப்பது வருஷமாக டிரைவர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள், இலேசில் மசிகிற ஆள் இல்லை. முதல் மாடி வீட்டில் அவளும் துரையும் மட்டும்தான். துரை டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் குட்டியாகக் கிடந்த நாட்டு நாய், இப்போது ஒன்பது வயது. பல்லில் சீழ் வைத்து, அதற்கு மாத்திரை கொடுத்ததில் பல் சரியாகிவிட்டது, வயிறு போய்விட்டது. பதினோரு நாளாகத் தண்ணீராகவே கழிந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டால் வாலை ஒரு பக்கம் மட்டும் ஆட்டியது. மறுபக்கம் கொண்டுபோகத் தெம்பில்லை.

கால்நடை டாக்டர் ஷகிலா துரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஆளே இல்லையே அம்மா என்றார். மாத்திரைக்குப் பயந்து கெட்டவர்களோடு நல்லவர்களும் சேர்ந்து காலி செய்துவிட்டார்களாம். உள்ளே போகிற சோற்றை நிறுத்தி விசாரிக்க நாதியில்லாததால் அது போன வேகத்தில் வெளியே வந்துவிடுகிறதாம். நல்ல குடித்தனமாகப் பார்த்து ஏற்ற வேண்டும் என்று சொல்லி நல்ல கிருமிகள் அடைத்த ஒரு பொட்டலம் புரோபயாடிக் பொடியைக் கையில் கொடுத்தார். இந்த வாரத்துக்குள் ஆள் ஏறாவிட்டால் துரை தங்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். குணவதி பொட்டலத்தோடு நேரே சங்கத் தலைவரிடம் போனாள்.

பொட்டலத்தின் முதுகில் ஐநூறு கோடி கிருமிகள் என்று அச்சடித்திருந்தது. தலைவர் நாச்சியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். நீங்களும் துரையும் போக நாலு இடம் இருக்கிறது, நாலு பேரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவரைக் கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. விதி என்றால் அவருக்கு உயிர், அவ்வளவுதான். வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தபோது தலைதீபாவளிக்கு வந்த சொந்த மருமகனையே ஏழாவது ஆள் என்று மாடிப்படியில் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்தவர். பொட்டலத்தைப் பிரித்து நாலு பேரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சங்கத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

துரை அந்த நாலு பேரையும் நக்கி உள்ளே அனுப்பியது. அவ்வளவு பெரிய இடத்தில் தனியாக இருக்கப் பயந்துபோய் நாலு பேரும் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள்.

"பார்த்துடலாம்" என்றாள் குணவதி. யாரிடமும் இல்லை, சும்மா சொல்லிக்கொண்டாள். டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு, துரையின் சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சங்கத்தின் விதிப்புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை படித்தாள். இருபத்தேழாம் விதியில் அவள் விரல் நின்றது. ஏற்கெனவே இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினால் அனுமதி வேண்டியதில்லை, அவர்கள் பழைய வீட்டுக் கணக்கிலேயே இருப்பார்கள். அப்படிப் போடு என்று துரையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினாள். நாச்சியப்பன் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். அவர் மனைவி விசாலத்துக்கும் இவளுக்கும் துணி காயப்போடுகிற கொடி விஷயத்தில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் உறைமோர் விஷயம் வேறு. விளக்கு வைத்த பிறகு வந்தால் கொடுக்கக் கூடாது. விளக்கு வைப்பதற்கு முன்னால் வந்தால், வந்தது யாராக இருந்தாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் நாலு மணிக்குப் போனாள்.

உள்ளே நாற்காலியிலிருந்து நாச்சியப்பன், கொடுக்காதே, அது நாய்க்குப் போகிறது என்றார். விசாலம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உறைமோர் கேட்டு வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்ற வழக்கம் என் பொறந்த வீட்ல இல்லை. இது அங்கேருந்து வந்தது. குணவதி, கிண்ணத்தை நீட்டுங்க."

விசாலத்தின் உறை அவள் கல்யாணத்தன்று தூக்குவாளியில் கூட வந்தது. முப்பத்தொரு வருஷமாக ஒருநாள் அறுபடாமல் பாலிலிருந்து பாலுக்கு மாறி வருகிறது. இந்தக் கட்டடத்துக்கு விசாலம் குடிவந்த அன்றே அதுவும் குடிவந்துவிட்டது. அப்போது சங்கமே கிடையாது. இத்தனை கோடிப் பேரையும் தினமும் மத்தியானச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, தம் வீட்டில் இரண்டே பேர் என்று நாச்சியப்பன் எழுதி வைத்திருந்தார். அதை அவர் அப்போதுதான் யோசித்தார் போலிருக்கிறது, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

குணவதி வெதுவெதுப்பான பாலில் அந்த உறையைக் குத்திவைத்து, தோய்ந்த தயிரைக் குழைந்த சோற்றில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தாள். முதல் நாள் துரையின் வயிற்றில் காதை வைத்தபோது பாத்திரம் பண்டம் இறக்குகிற சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் யாரோ வாசல் தெளித்தார்கள். மூன்றாம் நாள் உள்ளே குழாயடிச் சண்டையே நடந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவளும் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாச்சியப்பன் விடுவாரா? குடியிருப்பவர்களை ஓட்டுப்போட்டு வெளியேற்றலாம் என்று நாற்பதாம் விதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்துமிடத்தில் பொதுக்குழு கூடியது. விசாலத்தையும் குணவதியையும் தவிர எல்லா வீட்டுக்காரர்களும் துரையின் வயிற்றுக்காரர்களை வெளியேற்றக் கை தூக்கினார்கள். குணவதி துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"இன்னும் ஓட்டு முடியலை சார். குடியிருக்கறவங்க எல்லாரும் போடணும்னு உங்க புத்தகத்துலதான் இருக்கு. உள்ள இருக்கறவங்க இன்னும் போடலை."

அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்குமா என்று யாரோ கேட்டார்கள். அவர்களுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு தலைமுறை, கொள்ளுப்பேரன் எடுக்காத ஆளே அங்கே இல்லை என்றாள் குணவதி. நாச்சியப்பன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விதி விதிதான், போடட்டும் என்றார். ஆனால் சிதறிக் கிடந்தால் செல்லாத ஓட்டு என்பதைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். துரை மண்ணை மோந்து பார்த்தது, மூன்று சுற்றுச் சுற்றியது, முதுகை வளைத்து உட்கார்ந்தது. குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சங்கமாவது, ஓட்டாவது. இந்த ஒன்பது வருஷத்து உயிர் நிற்குமா போகுமா என்பது இப்போது தெரிந்துவிடும்.

நாச்சியப்பன் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"கெட்டியா இருக்கு. ஒரே துண்டு" என்றார். "அவங்க தங்கறதுக்கு எதிர்ப்பா உள்ளேருந்து ஓட்டு ஒண்ணுகூட இல்லை."

குணவதி எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். யார் என்ன நினைத்தால் அவளுக்கென்ன? துரை வாலை இரண்டு பக்கமும் ஆட்டியது.

இவ்வளவு பெரும்பான்மை வந்த பிறகு பழைய கமிட்டி நீடிப்பது முறையில்லை என்று நாச்சியப்பன் அங்கேயே பதவியை விட்டார். சங்கத்து முத்திரையைத் துரையின் முன்னால் வைத்தார். துரை அதை ஒரு தடவை நக்கியது. வயிற்றுக்குள் இருந்த புதுக் கமிட்டி பொறுப்பேற்றுக்கொண்டது.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் முதல் உத்தரவு ஒட்டியிருந்தது. துரை நடமாடுவதால் குடியிருப்போருக்கு அதிர்வு ஏற்படுகிறது, ஆகவே இனிமேல் துரை ஒரே இடத்தில் படுத்திருக்க வேண்டும், அதன் வயிற்றைத் தடவ நினைப்பவர்கள் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். கீழே முத்திரை குத்தியிருந்தது.

குணவதி அதை நின்று படித்தாள். பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, துரையின் வயிற்றுக்கு நேராகக் குந்தினாள்.

"வயிறு உங்களோடது, நல்லா இருங்க. நாய் என்னோடது."

துரையின் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கமிட்டி வருவதைப் பார்த்து வாட்ச்மேன் செபஸ்தியான் எழுந்து சல்யூட் அடித்தார். சங்கம் வாக்கிங் போயிருக்கிறது என்று நோட்டில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் நாச்சியப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வயிற்றைத் தடவ அனுமதி கேட்டு ஒரு மனுவோடு பின்னால் ஓடி வந்தார். துரை நின்ற ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் அவரும் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தார்.