நெல் அறையின் இருட்டு

"சாவு வீட்டுல கறுப்புத்துணி என்னத்துக்கு?" என்று முத்துத்தாய் அத்தை நெல் அறைக் கதவிடுக்கில் திணித்திருந்ததையெல்லாம் உருவிக் குப்பையில் போட்டாள். அறை வாசலில் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த கருவியின் பேனா துள்ளியது. ஜெயக்கொடி ஓடிவந்து, கதவில் முதுகை ஒட்டி, சேலையை இடுக்கில் அடைத்து உட்கார்ந்துவிட்டாள். பேனா அடங்கியது.

கூடத்தில் அவள் புருஷன் முத்திருளன் கிடந்தான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான். காலேஜ் லேபில் உதவியாளன். கதிர்வீச்சு பட்டால் மினுங்கும் ஒரு படிகம், அந்த மினுக்கத்தை எண்ணும் கண்ணாடிக் குழாய், இரண்டோடும் எட்டு மாதம் மல்லுக்கட்டினான். வேறு வெளிச்சம் இழையளவு கசிந்தாலும் குழாய் கண்டபடி எண்ணிவிடும். லேபில் கசிவை அடைக்க முடியாமல், புரொபசரிடம் கெஞ்சி, சன்னலில்லாத இந்த அறைக்குக் கொண்டுவந்தான். காலை ஆறிலிருந்து மாலை நாலு வரை, பகல் முழுக்கப் பேனா நேர்க்கோடு போட்டால் ஜெயித்தான். காரணம் தெரிந்த துள்ளலைக் கழித்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறான். இதுவரை மத்தியானத்தைத் தாண்டியதே இல்லை. இன்று தாண்டிவிட்டது.

ஜெயக்கொடிக்கு ஒப்பாரி எங்கோ அக்கரையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. முதுகுப்பக்கம் நெல்லின் குளுமை. உள்ளே இருட்டில் படிகம் தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அவனும் அங்கேதான் குனிந்து குழாயில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறான், கூடத்தில் கிடப்பது வேறு யாரோ என்று தோன்றியது.

குளிப்பாட்டிக் கோடி போர்த்தினார்கள். அவள் எழவில்லை. கொழுந்தன் மொக்கையன் வந்தான். பிள்ளையில்லாத அண்ணனுக்கு அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

"மதினி, தூக்கப் போறாக. மொகத்தப் பாக்காம இங்க என்ன செய்யிறீக?"

"எந்திரிச்சா உள்ள வெளிச்சம் போயிரும் தம்பி. நாலு மணி வரைக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

மொக்கையன் பேனா போடும் கோட்டையே பார்த்தான். தோள் துண்டை நாலாய் மடித்து இடுக்கில் வைத்து, அவள் நகர நகர அங்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்.

"நீங்க போங்க."

"ஏய் மொக்கையா, கொள்ளிச்சட்டிய எடுக்க வாடா!" என்று வாசலில் கத்தினார்கள்.

"நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. எங்கண்ணே பொறுத்திருப்பாரு."

தெருவில் கொட்டு நின்றது. ஜெயக்கொடி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குளிப்பாட்டியும் விரலில் கறுப்பு டேப்பின் பசை ஒட்டியிருந்தது. முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை.