உட்கார்ந்தால் அணையும் வண்டி

அன்று முன்வாசலில் இருந்தவர்கள்: மருமகள், அவள் புருஷன், மாமியார், தெரு முழுக்க ஈர்க்குச்சி என்று கூப்பிடும் மெக்கானிக். ஓட மறுத்த மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருந்தது. சுவரோர நிழலில் ஐஸ் பெட்டி. அதற்குள் காலையில் வீடு வீடாக ஏறி இறங்கி மருமகள் எடுத்த ரத்தக் குழாய்கள்.

பரிசோதனைக்கூடத்துக்கு ரத்தம் சேகரித்துக் கொடுப்பது அவள் வேலை. எடுத்தவள் கையாலேயே ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை வண்டி வழியில் கழுத்தறுத்திருந்தது. "இன்னொரு தடவைன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்மா" என்று மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிட்டார். இன்று தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி மறுபடி உயிரை விட்டது. வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்து, மெக்கானிக்கையும் வரவழைத்தாயிற்று.

ஈர்க்குச்சி உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி உறுமியது. ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"வண்டில ஒண்ணுமில்லக்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் ஒண்ணுமில்லதான். பிளக் புதுசு, பேட்டரி புதுசு. முன்னாடி இருக்கிற ஒயரெல்லாம் ஒண்ணொண்ணா சோதனை பல்பு வச்சுப் பாத்துட்டேன். இனி மாத்தணும்னா ஓட்டுறவங்களத்தான் மாத்தணும்."

மாமியார் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றாள்.

மருமகள் ஓட்டினால் நிற்கிறது, மற்றவர்கள் ஓட்டினால் ஓடுகிறது. வழக்கு ஜோடித்தவர்கள் பக்கம்தான் சாட்சி இருந்தது.

புருஷன் விடுதிச் சமையல்காரர். தான் சமைத்ததைத் தான் சாப்பிடுவதில்லை என்பதை அவர் உடம்பே சொல்லும். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் கைலியை மாற்றிப் பேன்ட்டில் வந்தார்.

"பின்னாடி ஏறு. நானே ஓட்டிக் கொண்டுபோய் விடுறேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நானே வரேன்."

"நாளன்னைக்கு விடுதில சோறு யாரு வடிக்கிறது, அத்தையா?"

"என்னை ஏன் இழுக்கிற" என்றாள் மாமியார்.

நேரம் ஓடியது. மருமகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவர் பெருமையாகக் கிளம்பினார். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி நின்றது.

இருவரும் இறங்கினார்கள். அவர் உதைத்தார், ஓடியது. இருவரும் ஏறினார்கள், இரண்டடி போய் நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"என்ன பண்ணுன?"

"உக்காந்தேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த முறை கிளட்சும் அவள் கையில் இல்லை, சாவியும் இல்லை. அவள் செய்தது அது ஒன்றுதான். அவளுடையது வஞ்சனையில்லாமல் வளர்ந்த உடம்பு. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் கிடையாது. தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பெட்டியை நிழலில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க."

"யாரு?" என்றான் ஈர்க்குச்சி.

"நீயும் அவரும். உங்க ரெண்டு பேரையும் சேத்தாத்தான் நான் ஒருத்தி."

வண்டியை ஸ்டாண்டில் போட்டு இன்ஜினை ஓடவிட்டாள். புருஷன் முன்னால், ஈர்க்குச்சி பின்னால். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"குதிங்க."

"என்னது?"

"உக்காந்தபடியே குதிங்க. வேகத்தடைன்னு நெனச்சுக்குங்க."

இரண்டு ஆண்கள் ஒரு சீட்டில் ஒட்டி உட்கார்ந்து, நகராத வண்டியில் குதித்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாவது குதிப்பில் வண்டி அணைந்தது. ஈர்க்குச்சி இறங்கி உதைத்தான், ஓடியது. மறுபடி இருவரும் ஏறிக் குதித்தார்கள், அணைந்தது.

"தெரு கோணல்தான் போலிருக்கு அத்தை" என்றாள் மருமகள்.

மாமியார் பூண்டை எண்ணுவது போல முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈர்க்குச்சி சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தான். அடியில் தகடு பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே சட்டத்தின் மேல் போன ஒயர்க்கட்டில் ஒரு கருப்பு ஒயர் மட்டும் தோலுரிந்து செம்பைக் காட்டியது.

"சாவியத் திருப்பி அணைக்கிறோம்ல, அந்த ஒயருக்கா இது. சட்டத்துல பட்டா வண்டி நின்னுடும், அதுதான் அதோட வேலை. கனமா உக்காந்தா சீட்டு இதை அமுக்கிச் சட்டத்துல தேய்க்குது. எந்திரிச்சா விட்டுடுது." தலையைச் சொறிந்தான். "ஆனா சீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு ரப்பர்க் கட்டை இருக்கணுமே. எங்க போச்சு?"

புருஷன் தொண்டையைக் கனைத்தார். "போன மாசம் சீட்டக் கழட்டிக் கழுவினேன். மாட்டினப்புறம் ரெண்டு மிச்சம் இருந்துது. கம்பெனிக்காரன் சும்மா அதிகமாப் போட்டிருப்பான்னு..."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அம்மாகிட்ட குடுத்தேன்."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"கட்டில் ஆடுதுன்னு எத்தனை நாளாச் சொல்றேன், எவன் காதுல வாங்கினான்" என்றாள் அவள். "கால்ல முட்டுக் குடுத்தேன். இப்ப நிம்மதியாத் தூங்குறேன்."

புருஷன் உள்ளே போய்க் கட்டிலைத் தூக்கினார். ஈர்க்குச்சி ஒயரில் டேப் சுற்றி, பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டி, ரப்பர்க் கட்டைகளைப் பொருத்திச் சீட்டை இறுக்கினான். மருமகள் ஏறி உட்கார்ந்து, வீடே பார்க்கக் குதித்தாள். வண்டி அசராமல் ஓடியது.

"ஓட்டுறவங்கள மாத்தணும்னியே?"

"கோவிச்சுக்காதக்கா. என் ஒடம்பு அப்படி. நான் ஏறினா சீட்டுக்கே தெரியாது."

"நானும் கூட வரட்டா, ஒரு பாதுகாப்புக்கு?" என்றார் புருஷன்.

"தள்ளி நில்லுங்க. அத்தை கட்டிலுக்கு வேற முட்டு தேடுங்க."

தெருமுனை வேகத்தடையை அவள் வேண்டுமென்றே வேகமாக ஏறினாள். பெட்டிக்குள் குழாய்கள் குலுங்கின. வண்டி நிற்கவில்லை. அடுத்த தெருவில் பள்ளம், அதற்கடுத்து தண்டவாளம். எதிலும் நிற்கவில்லை. சிரிப்பு வந்தது, தலைக்கவசத்துக்குள் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் சிரித்தாள்.

பரிசோதனைக்கூட வாசலில், பன்னிரண்டு அடித்ததும் கதவைப் பூட்டச் சாவிக்கொத்தோடு காவலாளி நின்றிருந்தார். உள்ளே மேலாளர் சுவர்க் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுதான். உள்ள விடுய்யா."

அவள் பெட்டியோடு நுழைந்தாள். காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.