தாள் திருப்பியவர்

அப்பாவின் உதட்டை நனைத்த பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தலையணையை மறுபடி சரிசெய்தாள் மகள். காலையிலிருந்து எட்டாவது தடவை.

"விடும்மா, அவரைப் படுத்தாதே," என்றாள் அம்மா. அப்பாவின் சட்டையை மடியில் போட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இனி அதை யார் போடப்போகிறார்கள் என்று கேட்க மகளுக்கு வாய் வரவில்லை.

இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருடம் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணன், விமானம் தாமதமாகி நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். "மூச்சு மாறினா உடனே கூப்பிடு. போனை அப்பா காதுல வை. ஒரு வார்த்தை பேசணும்," என்று மூன்று தடவை சொல்லியிருந்தான். அவளும் சத்தியம் செய்திருந்தாள்.

வீட்டில் அப்பாவுக்கு 'ரெண்டு பக்கம்' என்று பட்டப்பெயர். கல்லூரி நாளில் ஒரு கச்சேரியில், பியானோ வாசித்த பெண்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்புத் தாளைத் திருப்ப ஆள் வரவில்லை. எனக்குத் தெரியும் என்று அரைகுறை ஞானத்தோடு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் அப்பா. பதற்றத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். பிறகு அவர் எதைச் சொதப்பினாலும், "ரெண்டு பக்கம் ஆரம்பிச்சிட்டார்" என்பாள் அம்மா. அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

நேற்று, பேச்சு நிற்பதற்கு முன், அந்தக் கச்சேரிக் கதையின் மீதியை அப்பா அவளிடம் சொன்னார்.

"திருப்பி வைக்கப் போனேன். அந்தம்மா வேண்டாம்னு தலையாட்டிட்டு, பாக்காமலே வாசிச்சாங்க. எனக்கு வேலையே இல்ல, கையைக் கட்டிட்டு உக்காந்துட்டேன். அதுவரைக்கும் கோடும் புள்ளியும்தான் பாத்துட்டிருந்தேன்மா. அப்பத்தான் காதுல விழுந்துச்சு. அப்படி ஒண்ணை அதுக்கப்புறம் நான் கேட்டதே இல்ல."

அவள் அப்போது மருந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா, பேசிக் களைச்சுப்போகாதீங்க," என்று சொல்லிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு மூச்சு மாறியது. அண்ணனின் எண்ணைத் திறந்தாள். விரல் அதன்மேல் அப்படியே நின்றது.

ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. பிறகு மெல்லியதாக இன்னொன்று. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. பிறந்ததிலிருந்து அப்பாவை இத்தனை கவனமாக அவள் கேட்டதில்லை. தலையணை, மருந்து, போன் எல்லாம் மறந்துபோயின. அதற்கடுத்தது வரவில்லை.

அம்மா ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் மகள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காதுல வச்சிட்டியா?"

"போயிட்டார்ண்ணா."

அந்தப் பக்கம் விமான நிலைய அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது.

"ஏன்டி கூப்பிடல? அவ்வளவு தூரம் சொன்னேன்ல?"

"அப்பா மூச்சைக் கேட்டுட்டே இருந்துட்டேன். கூப்பிடணும்னே தோணல." அழுகை முட்டியது. "தப்புதான்ண்ணா."

கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"எப்படி இருந்துச்சு, அந்த மூச்சு?" என்றான், உடைந்த குரலில்.

அவள் எழுந்துபோய், வெளிச் சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். போனை வாயருகே கொண்டுவந்து, அப்பா விட்டதுபோலவே ஒரு மூச்சை மெல்ல இழுத்து விட்டாள். பிறகு நிறுத்தினாள். அடுத்தது வருமா என்று அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான்.