பன்னிரண்டாம் அறை நோட்டு

சாம்பல் கிண்ணத்துக்கு அடியில் ஒரு பச்சை டாலர் நோட்டு இருந்தது. சோலையப்பன் அதைத் தொடவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். யாருமில்லை. யாருமில்லாததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அரபு நாட்டில், ரூவியில், அந்த ஓட்டலுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம். எழுபத்தேழாம் வருஷம். அவருக்கு முன்னால் இதே மாடியைக் கூட்டிய ராமையா, கட்டிலில் கிடந்த கடிகாரத்தைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டான். திருடன் என்று மறுநாளே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். விசாவுக்கு விற்ற நிலம் விற்றதுதான். சோலையப்பனும் ஒன்றரை ஏக்கர் விற்றுத்தான் வந்திருக்கிறார். இந்த நோட்டை எவனோ ஆழம் பார்க்கத்தான் வைத்திருக்கிறான். ஐம்பத்தாறு வயதில், சும்மா காசு கொடுத்த ஆளை அவர் பார்த்ததில்லை.

விட்டுவிட்டுப் போனால் பின்னால் வருகிறவன் எடுத்துக்கொண்டு பழியை இவர் தலையில் போடுவான். நோட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

பன்னிரண்டாம் அறை அமெரிக்கன் டாக்சியில் உட்கார்ந்திருந்தான். சோலையப்பன் ஜன்னலுக்குள் நீட்டினார். "சாப், நம்மளது இல்ல. மாஃபி, மாஃபி." இல்லை என்பதற்கு அவருக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

அவன் முகம் சிவந்தது. இன்னொரு நோட்டை எடுத்து அதன்மேல் வைத்தான். இவர் இன்னும் வேகமாகத் தலையாட்டினார். மூன்றாவதையும் திணித்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினான். வண்டி போய்விட்டது.

திரும்பினால் வாசலில் மேனேஜர் பத்மநாபன். பக்கத்தில் கபீல். ஓட்டலுக்கு முதலாளி; எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவர் பெட்டியில்தான்.

"என்னய்யா, காரை மறிச்சு டிப்ஸ் கேக்கற அளவுக்கு வந்தாச்சா?"

"கேக்கலீங்க சார். ரூம்ல கெடந்துச்சு, திருப்பிக் குடுக்கப் போனேன்."

"போனவன் கையில மூணு நோட்டா? நாளைக்கு நானும் பேங்குல இப்படித் திருப்பிக் குடுத்துப் பாக்கறேன்."

"வேணாம் வேணாங்கிறேன், மேல மேல வெக்கிறான் சார், பைத்தியக்காரப் பய."

பத்மநாபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது உமக்குன்னு வெச்சிட்டுப் போனதுய்யா. பத்தலைன்னு வந்து நிக்கறீர்னு நெனச்சிருக்கான்."

கபீல் அரபியில் ஏதோ கேட்டார். பத்மநாபனின் சிரிப்பு நின்றது.

"ரூம்ல இருந்தது எதுன்னு கேக்கறார். அது உம்மது. கேட்டு வாங்கினதுன்னா..."

சோலையப்பன் உள்ளே வந்து மூன்றையும் வரவேற்பு மேஜைமேல் பரப்பினார். ஒரே பச்சை. மூன்றிலும் ஒரே கிழவன் படம், உதட்டை இறுக்கிக்கொண்டு. புரட்டிப் பார்த்தார், பின்பக்கமும் மூன்றிலும் ஒன்றுபோலவே. மின்விசிறிக் காற்றில் மூன்றும் மெல்ல நகர்ந்தன. பிடிக்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.