இமாஸின் கருதுகோள்

...ஒருத்தி இருக்கிறாள், இல்லாமல் எப்படி, ஐம்பத்து நாலு வயசில் ஒரு மனுஷன் சண்டையும் போடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடியில் தனியாக வாடகைக்குப் போனால் வேறென்ன காரணம் இருந்துவிட முடியும் என்று, எட்டு மாதமாக நினைத்ததையே மறுபடியும் நினைத்துக்கொண்டு, இமாஸ் அந்தப் பச்சை வேனின் ஈர ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மழை. ஜாவாவின் இந்த மழை ஊரான பொகோரில் மத்தியானம் மழை பெய்யாவிட்டால்தான் சேதி. கைப்பைக்குள் புருஷன் ருஸ்தண்டியின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, பழைய விலாசத்துக்கு வந்தது, கொடுக்கத்தான் போகிறாள், அதற்கு மட்டும்தானா... பொய் எதற்கு, சோதிக்கப் போகிறாள். காலையில் முதலாண்டு அறிவியல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, டீச்சர், எத்தனை தடவை சோதிச்சா ஒரு கருதுகோள் கோட்பாடாகும் என்று கேட்டாள். எத்தனை செங்கல் அடுக்கினா வீடாகும் என்று இவள் திருப்பிக் கேட்க, வகுப்பே சிரித்தது. கருதுகோள் ஒற்றை ஊகம், சோதித்தால் நிற்கும், இல்லை விழும். கோட்பாடு அப்படிப் பதவி உயர்வு வாங்கி வந்த ஊகம் இல்லை, சோதனையில் நின்ற பலதையும் ஒன்றாகப் பிணைத்து, ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்வது. இருபது வருஷமாகச் சொல்கிற பாடம், இன்றைக்கு மட்டும் ஏன் பாதியில் நிறுத்திவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள்?

அக்கா ரொகாயாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்னாள். "ரெண்டு பொட்டலம் சோறு வாங்கிட்டுப் போறாருடி, என் கண்ணால பாத்தேன். புதுச் சட்டை வேற. இன்னும் என்ன வேணும்? உன் கோட்பாடு சரிதான்!" "கோட்பாடு இல்லக்கா, கருதுகோள்." "அடிப் போடி, புருஷன் போனப்புறமும் உனக்கு வார்த்தைதான் பெருசு." பிடித்ததை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஆதாரம் ஆகிவிடுமா, அந்த ஊகம் தோற்பதற்கும் ஒரு வழி விட வேண்டாமா... விடுகிறாள், இதோ. ஆனால் தோற்கட்டும் என்றா மனசு வேண்டுகிறது? ஒருத்தி இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம், திட்டுவதற்கு ஒரு முகமாவது கிடைக்கும்.

இறங்கிச் சந்துக்குள் நடந்தாள். வாசலை நெருங்கும்போது உள்ளே யாரோ பாடுகிற சத்தம், ஏதோ பழைய காதல் பாட்டு, சுருதி எங்கேயோ, குரல் எங்கேயோ, பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக் கதவைத் தட்டினாள், பாட்டு நின்றது. கதவைத் திறந்தது ருஸ்தண்டி, கையில் சோப்பு நுரை. "இமாஸா? இப்படி நனைஞ்சிட்டு... உள்ள வா." கால் கழுவ வேண்டும் என்று நேரே குளியலறைக்குள் போனாள், வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் கண் எண்ணியது. பல் துலக்கும் பிரஷ் ஒன்று. துண்டு ஒன்று. வெளியே வந்தால் காய வைத்த தட்டு ஒன்று, ஒருத்தர் படுக்கிற கட்டில், கட்டிலில் ஒரே தலையணை. அட்டையை நீட்டினாள், பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கூப்பிடுகிறபடியே காங் என்று கூப்பிட்டு, கேட்டே விட்டாள். "காங், இங்க வேற யாராவது..." "வேற யாரு?" அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது, புரிந்ததும் வெடித்துச் சிரித்தார். "இந்தக் கொசுப் பண்ணைக்கு எவ வருவா?" "ரெண்டு பொட்டலம் வாங்குறீங்களாமே?" "ஒண்ணு மத்தியானத்துக்கு, ஒண்ணு ராத்திரிக்கு. எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

கருதுகோள் விழுந்துவிட்டது, இரண்டே நிமிஷத்தில். சந்தோஷம் வர வேண்டும் இல்லையா, ஏன் வரவில்லை, யாரும் இல்லாத இந்த ஈர அறை இருபத்தாறு வருஷ வீட்டைவிட மேலாகப் போயிற்றா... "அப்ப ஏன் போனீங்க?" அவர் நுரையைச் சட்டையில் துடைத்தார், அந்தப் புதுச் சட்டையில், சட்டையிலா துடைப்பாங்க என்று இவள் வாய் திறப்பதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார், "கோபம் ஒண்ணுமில்ல, இமாஸ். இங்க நான் ஒண்ணு சொன்னா, செஞ்சா, யாரும் அதைத் திருத்துறதில்ல. அவ்வளவுதான்." திறந்த வாயை மூடிக்கொண்டாள். டீ போடட்டுமா என்றார், வேண்டாம் என்றாள்.

சாலைக்கு வந்து நின்றாள், வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அருகில் வந்து வேகம் குறைத்துப் போயின, அவள் கை காட்டவில்லை. அந்தப் பாட்டு... அவர்தான், வேறு யார் இருந்தார்கள் அங்கே. இருபத்தாறு வருஷத்தில் அவர் பாடி ஒரு நாள்கூட இவள் கேட்டதில்லை, குளிக்கும்போதுகூட, பெருநாளன்றுகூட, அவருக்குப் பாட வராது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், முன்னறையில் அவர் எதையோ முணுமுணுத்தது போல... முணுமுணுத்தாரா, இல்லை இப்போது தானாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறாளா? முணுமுணுத்திருந்தால், அடுப்படியிலிருந்து அன்றைக்கு இவள் என்ன சொன்னாள்?